மறு: ‘ரெஃபர்டு பெயின்’ – ‘இடம்பெயர் வலி’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். புண் ஓரிடத்தில் இருக்க, வலி வேறோரிடத்தில் தெரிவதை ஆங்கிலத்தில் ‘ரெஃபர்டு பெயின்’ (referred pain) என்கிறார்கள். நோயாளிகளுக்கான நம் துண்டறிக்கைக்கு அதன் தமிழ்ச் சொல்லைத் தேடுகிறோம். நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு என் பதில் இது.

> வலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. ஆகவே ‘இடம்பெயர் வலி’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

போகவில்லை என்பதுதான் என் சங்கடம். சென்ற ஆண்டு என் அண்ணிக்கு வலது தோள் நுனியில் வலி. மூன்று நாள் தைலம் தேய்த்தார், தலையணையை மாற்றினார், தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்தது என்று அண்ணனைத் திட்டினார். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். பை வீங்கிப் புண்பட்டிருந்தது. தோளில் ஒரு குறையும் இல்லை.

வயிற்றிலிருந்து எதுவும் தோளுக்கு ஏறிப் போகவில்லை. புண்பட்ட பித்தப்பை, மேலே இருக்கும் உதரவிதானத்தை, அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையை, உறுத்தியிருக்கிறது. உதரவிதானம் கருவில் கழுத்துப் பக்கம் உருவாகிக் கீழே இறங்குகிற உறுப்பு. இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த நரம்பு போய்ச் சேரும் இடம் தண்டுவடத்தில் கழுத்துப் பகுதியின் 3, 4, 5-ஆம் கண்டங்கள் (துண்டுகள்). தோள் நுனித் தோலின் நரம்புகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. அந்த வழியில் தோலின் சேதியையே கேட்டுப் பழகிய மூளை, உதரவிதானத்தின் முறையீட்டையும் தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது. வலி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, முகவரிதான் தவறு.

‘இடம்பெயர்’ என்ற சொல்லை வேறொன்றுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். குடல்வால் அழற்சியை (அப்பெண்டிசைட்டிஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். எங்கே என்று கேட்டால் நோயாளி உள்ளங்கையால் வயிற்றைப் பொதுவாகத் தடவிக் காட்டுவார். குடலுக்கு வலி நரம்புகள் குறைவு. வெட்டினாலும் சுட்டாலும் அதற்கு உறைக்காது, உப்பி விரிந்தால்தான் அலறும். குடல்வாலின் நரம்புகள் மார்புப் பகுதியின் 10-ஆம் கண்டத்தை ஒட்டிச் சேர்கின்றன, தொப்புளைச் சுற்றிய தோலுக்கும் அதுவே வாசல். சில மணி நேரத்தில் அழற்சி வயிற்றறையின் உட்சுவர்ச் சவ்வைத் தொட்டதும் கதை மாறும். அந்தச் சவ்வுக்குத் தோலைப் போலவே துல்லியமான நரம்புகள் உண்டு. இப்போது அதே நோயாளி வலப்பக்க அடிவயிற்றை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவார். மருத்துவர் “வலி இடம் மாறியதா?” என்று கேட்பது இதைத்தான். இதுவே இடம்பெயர் வலி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒரே நோயாளியின் குறிப்பில் இரண்டையும் எப்படி எழுதுவது?

> ஆகுபெயர் போல ‘ஆகுவலி’ என்றால் என்ன?

இலக்கணம் படித்தவன் என்ற முறையில் சொக்கிப் போனேன். ஒன்றின் பெயர் தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது போலவே இதுவும். ஆனால் வார்டில் செவிலியர் “உங்களுக்கு ஆகுவலி” என்றால், நோயாளி ‘ஆகாத வலி என்று ஒன்று உண்டா’ என்று கேட்பார்.

> ‘தென்னை மரத்தில் தேள் கொட்ட, பனை மரத்தில் நெறி கட்டியதாம்’ என்பது இதுதானே? ‘நெறிவலி’ எனலாம்.

பழமொழி அழகாகப் பொருந்துகிறது. சொல் பொருந்தவில்லை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது நிணநீர்க் கணுவின் வேலை, நரம்பின் வேலை அன்று. ‘ரெஃபர்’ என்றால் பரிந்துரைப்பது என்று அகராதியைப் பார்த்து, ‘பரிந்துரை வலி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பேசாமல் கடந்துவிடுவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் ஏற்கெனவே ‘சிம்பதெடிக்’ (sympathetic) நரம்புக்குப் ‘பரிவு நரம்பு’ என்ற பெயர் நம் தலையில் விழுந்திருக்கிறது. பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரத்தில், இரைப்பையையும் சிறுகுடலையும் வேலை நிறுத்தச் சொல்வது அந்த நரம்புதான். அதில் என்ன பரிவைக் கண்டார்களோ!

என் முன்மொழிவு ‘வேற்றிட வலி’. புண் ஓரிடம், உணர்வது வேற்றிடம். போனது, வந்தது என்ற பொய் அதில் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ‘வேற்றிட நோவு’ என்பதே தம் ஊர்க் காதுக்கு இயல்பு என்கிறார். இரண்டும் இருக்கட்டும், நாம் நரம்பு மண்டலம் என்பதை அவர்கள் நரம்புத் தொகுதி என்று எழுதுவதால் யாருக்கும் நரம்பு தளர்ந்துவிடவில்லை.

இன்னொன்று. துண்டறிக்கையில் ‘வேகஸ் நரம்பு’ என்று வரும் இடங்களை ‘அலைநரம்பு’ என்று மாற்றியிருக்கிறேன். இலத்தீனில் அதற்கு ‘அலைந்து திரிவது’ என்றே பொருள். மண்டையிலிருந்து கிளம்பி இதயம், இரைப்பை, குடல் என்று சுற்றுகிற நரம்பு. ‘வேகஸ்’ என்று எழுதினால் ‘வேகம்’ என்று படிக்கிறார்கள். அது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற நரம்பு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வேற்றிட வலி’க்கு மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். ‘ஆகுவலி’க்காரரும் எழுதலாம்.