நிலைத்தன்மை அறிக்கை: சட்டம் எழுதுகிறதா, தலைவர் எழுதுகிறாரா?

கும்பகோணம் ஆடிட்டர்:
"கம்பெனித் தலைவர் நல்லவரானால் நிலைத்தன்மை அறிக்கையும் நேர்மையாக இருக்கும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் கம்பெனி எப்படி நடத்துகிறது என்று வருடாவருடம் சொல்லும் அறிக்கை அது. எனக்கு ஒத்துவரவில்லை. 2022-23 நிதியாண்டு முதல், பங்குச்சந்தையில் மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள கம்பெனிகள், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி வகுத்த படிவத்தில் எழுதியே தீர வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், ஆற்றிலா நிலத்தடியிலா, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. தலைவரின் குணத்துக்கு அங்கே என்ன வேலை?

சீர்காழி பொன்னி:
சார், அந்தப் படிவத்தில் கட்டாயக் கேள்வியும் உண்டு, விரும்பினால் சொல்லலாம் என்கிற கேள்வியும் உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள இடத்தில் ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு எடுத்தது என்பது இரண்டாவது வகையில்தான் கிடக்கிறது. எங்களுக்கு வேண்டியதே அந்த ஒரு வரி! நாடு முழுக்க மொத்தமாக இத்தனை கிலோலிட்டர் என்றால் கடைமடைக்காரருக்கு என்ன புரியும்?

எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் ஆலை. முன்பிருந்த தலைவர் வந்தால் காரை நிறுத்திவிட்டு வாய்க்கால் கரையில் நடப்பார். ஒருமுறை அப்பா எங்கள் போர்வெல் தண்ணீரைச் சொம்பில் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கரிக்கிறதே" என்றார். அந்த வருட அறிக்கையில் எங்கள் ஆலையின் தண்ணீர்க் கணக்கு தனியாக வந்தது. அப்புறம் ஆள் மாறினார், அந்த வரியையே காணோம். படிவம் அதேதான் சார்.

மன்னார்குடி வாத்தியார்:
ஆய்வுகளும் பொன்னி பக்கம்தான். தலைமையில் இருப்பவரின் வயது, படிப்பு, அனுபவம் எல்லாம் நிறுவனத்தின் முடிவுகளில் தெரியும் என்று மேலாண்மை ஆய்வாளர்கள் ஹாம்ப்ரிக்கும் மேசனும் 1984லேயே எழுதினார்கள். அமெரிக்கப் பெரிய கம்பெனிகளை வைத்து க்ரான்குவிஸ்ட், யூ இருவரும் 2017ல் செய்த ஆய்வில், மகள் உள்ள தலைவர்களின் கம்பெனிக்குச் சமூகப் பொறுப்பு மதிப்பெண் சுமார் 9 சதவீதம் கூடுதல்.

கும்பகோணம் ஆடிட்டர்:
மதிப்பெண் வேறு, அறிக்கை வேறு வாத்தியாரே. 2007ல் சாட்டர்ஜியும் ஹாம்ப்ரிக்கும் தலைவர்களின் தற்பெருமையை அளக்க, ஆண்டறிக்கையில் அவர் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றும் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர் கையில் அறிக்கை தடிமனாகலாம், அதில் உண்மை அதிகமாகிவிடாது. சரி, பொன்னி, அந்த வரி விஷயத்தில் நீ சொல்வது நியாயம்மா. ஆனால் நல்ல தலைவர் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதா? அதைக் கட்டாயப் பகுதிக்கு மாற்றச் சொல்லி செபிக்கு எழுதுவோம். வார்த்தைகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

சீர்காழி பொன்னி:
எழுதுவோம் சார். ஆனால் ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் மடைக்குத் தண்ணீர் வர நாளாகும், அதுவரை போர்வெல் தண்ணீர்தான். அதனால் புதுத் தலைவரையும் ஒருமுறை வாய்க்கால் கரைக்கு வரச் சொல்லி அப்பா கடிதம் போட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.