உபுண்டுவில் உள்ள ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் 11 லேப்டாப்பில் திறக்க முடியவில்லை (சாம்பா)

கரையோரம்:
வணக்கம். பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 24.04. யூஎஸ்பியில் 2 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட், உள்ளே குடும்பப் படங்கள். சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) இன்ஸ்டால் செய்து, வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ‘வீடு’ என்று லினக்ஸில் ஒரு யூசர் உருவாக்கி, ஷேரும் (பகிரும் ஃபோல்டர்) எழுதியாச்சு. பாத்: /மீடியா/அட்மின்/படங்கள்.

லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2. பிங் போகுது, ஃபயர்வாலில் சாம்பாவுக்கு அனுமதி இருக்கு. ஆனால் \\192.168.1.20 என்று அடித்து ‘வீடு’ பாஸ்வேர்டைக் கொடுத்தால், நிறுவனத்தின் பாதுகாப்பு பாலிசி கெஸ்ட் (பாஸ்வேர்டு இல்லாத) அணுகலைத் தடுக்கிறது என்கிறது. இது வீட்டு லேப்டாப், எந்த நிறுவனம்? எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் பட்டியலிலும் உபுண்டு தெரியவில்லை.

தறிநூல்:
அந்த மெசேஜே காரணத்தைச் சொல்லுது. சாம்பா லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டைப் பார்க்காது, தனக்கென்று ஒரு பட்டியல் வச்சிருக்கு. ‘வீடு’ அதில் இல்லை. உபுண்டுவுல சாம்பாவோட செட்டிங் ஃபைலான எஸ்எம்பி.கான்ஃப்ல ‘மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்’னு ஏற்கனவே இருக்கும், அதனால தெரியாத ஆளை விரட்டாம கெஸ்ட்டா உள்ளே விடுது. விண்டோஸ் அந்த கெஸ்ட்டை ஏத்துக்காது.

டெர்மினல்ல:

சுடோ எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ வீடு

பாஸ்வேர்டை 2 முறை கேட்கும். லினக்ஸ் பாஸ்வேர்டும் இதுவும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை. அப்புறம் ‘டெஸ்ட்பார்ம்’ கமாண்டை ஓட்டி எஸ்எம்பி.கான்ஃப்ல எழுத்துப்பிழை இல்லைன்னு பார்த்துட்டு சாம்பாவோட எஸ்எம்பிடி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

விண்டோஸ் பக்கம் ஒரு வேலை பாக்கி. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்துல 2 பெயர்ல அது நுழையாது, 1219னு எர்ரர் காட்டும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல ‘நெட் யூஸ் * /டிலீட்’ கொடுங்க. விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கிற கிரெடென்ஷியல் மேனேஜர்ல 192.168.1.20க்கு பழைய பதிவு இருந்தா அதையும் நீக்கிடுங்க. அப்புறம் திறங்க.

நள்ளிரவு சர்வர்:
ரெஜிஸ்ட்ரியில் கெஸ்ட் அணுகலைத் திறந்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாஸ்வேர்டு வைத்தால் தீர்கிற விஷயத்துக்கு லேப்டாப்பின் பாதுகாப்பைக் குறைப்பானேன்?

நெட்வொர்க் பட்டியல் விவகாரம் வேறு. முன்பு எஸ்எம்பி1 (ஃபைல் பகிர்வின் பழைய நெறிமுறை), நெட்பயாஸ் (பெயர் தேடும் பழைய முறை) வழியாகத்தான் பெயர் தெரியும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்தே எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. இப்போது விண்டோஸ் தேடுவது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறு முறையில். சாம்பாவுக்கு அது தெரியாது. உபுண்டுவில் டபிள்யூஎஸ்டிடி என்ற சர்வீஸை ஓடவிட்டு, ஃபயர்வாலில் யூடிபி 3702, டிசிபி 5357 போர்ட்கள் இரண்டையும் திறந்தால் பெயர் வரும். லேப்டாப்பில் வைஃபை ‘பிரைவேட்’ ஆக இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இது அவசியமே இல்லை. ரவுட்டரில் டெஸ்க்டாப்புக்கு அந்த ஐபியை நிரந்தரமாக ஒதுக்கி, லேப்டாப்பில் மேப் நெட்வொர்க் டிரைவ் போட்டு இசட்: என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரையோரம்:
நன்றி! பாஸ்வேர்டு ஏற்றுக்கொண்டது, ‘படங்கள்’ ஷேரும் தெரியுது. ஆனால் அதை கிளிக் செய்தால் அனுமதி இல்லை. டிஸ்க்குக்கு சிஎச்மோட் 777 (எல்லாருக்கும் முழு உரிமை) கொடுத்தும் மாற்றமில்லை.

தறிநூல்:
முதல் கதவு திறந்தாச்சு, இது ரெண்டாவது. சாம்பா உள்ளே விட்டாலும் ஃபைலைத் தொடும்போது லினக்ஸ் ‘வீடு’ங்கிற யூசரோட உரிமையைத்தான் பார்க்கும். ‘நேமை -எல் /மீடியா/அட்மின்/படங்கள்’ அடிச்சா வழியில இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரோட உரிமையும் வரிசையா வரும். /மீடியா/அட்மின் அங்கேயே மறிக்கும்: அது டெஸ்க்டாப்ல லாகின் பண்ண ஆளுக்கு மட்டும். என்டிஎஃப்எஸ்ல சிஎச்மோடும் பலிக்கலை, ஏன்னா உரிமை டிஸ்க்கை மவுண்ட் பண்ணும்போதே (ஒரு ஃபோல்டரோட இணைக்கும்போதே) முடிவாகிடுது.

அதனால /மீடியாவை விட்டுடுங்க. /எஸ்ஆர்வி/படங்கள்னு ஃபோல்டர் உருவாக்கி, பிஎல்கேஐடி கமாண்ட் காட்டுற யூயூஐடியை (டிஸ்க்கோட தனி அடையாளம்) எடுத்து, பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரே வரி:

யூயூஐடி=உங்களுடையது /எஸ்ஆர்வி/படங்கள் என்டிஎஃப்எஸ்3 யூஐடி=1001,ஜிஐடி=1001,நோஃபெயில் 0 0

1001க்குப் பதிலா ‘ஐடி வீடு’ காட்டுற எண்களைப் போடுங்க. நோஃபெயில் கட்டாயம், இல்லைன்னா டிஸ்க்கைக் கழட்டி வச்ச அன்னிக்கு மெஷின் பூட் ஆகாம எமர்ஜென்சி மோடுல நிற்கும். டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணிட்டு ‘சுடோ மவுண்ட் -ஏ’ கொடுங்க, எஸ்எம்பி.கான்ஃப்ல பாத்தையும் மாத்துங்க. யாரும் லாகின் பண்ணாமலே ஷேர் கிடைக்கிறது கூடுதல் லாபம்.

நள்ளிரவு சர்வர்:
டிஸ்க்கை எப்போதாவது விண்டோஸில் செருகி, இஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் என்டிஎஃப்எஸ்3 (லினக்ஸின் என்டிஎஃப்எஸ் டிரைவர்) ‘டர்ட்டி’ (சரியாக மூடப்படவில்லை) என்று சொல்லி மவுண்ட் செய்ய மறுக்கும். ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டுக் கட்டாயப்படுத்தாதீர்கள், விண்டோஸில் செருகி ‘செக்டிஸ்க் /எஃப்’ ஓட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள்.

மேலே உள்ள வரியில் நோஃபெயிலுக்குப் பிறகு காற்புள்ளி போட்டு ‘விண்டோஸ்_நேம்ஸ்’ சேர்ப்பது நல்லது. லினக்ஸ் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் அனுமதிக்கும். ‘10:30.ஜேபிஜி’ மாதிரி பெயர் லேப்டாப்பில் ~ குறியோடு ஏதோ எழுத்துக் குவியலாகத் தெரியும். இந்த ஆப்ஷன் அப்படிப்பட்ட பெயரில் புதிதாக எதையும் உருவாக்க விடாது. ஏற்கனவே இருப்பவற்றை நீங்கள்தான் பெயர் மாற்ற வேண்டும்.