மே மாதமா, டிசம்பரா? காலியா, திருகோணமலையா?

மதுரைக்காரன்:
வணக்கம். இலங்கைக்குக் குடும்பத்தோடு ஏழு இரவு போய்வர நினைக்கிறோம். நான், மனைவி, 11 வயதுப் பையன், 7 வயதுப் பெண், அப்புறம் 68 வயது அம்மா. பள்ளி விடுமுறையை வைத்துப் பார்த்தால் இரண்டு வாய்ப்புதான் இருக்கிறது. ஒன்று மே முதல் பாதி, இன்னொன்று டிசம்பர் 24 முதல் 31 வரை. ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டேன், கண்டி, நுவரெலியா, எல்ல, மிரிச, காலி, பெந்தோட்டை, கொழும்பு என்று பட்டியல் அனுப்பினார். மே மாதத்துக்கும் அதே பட்டியல்தான், தேதி மட்டும் மாறியிருந்தது. பிள்ளைகளுக்குக் கடலில் இறங்கி விளையாட வேண்டும், அம்மாவுக்குக் கோயில் பார்க்க வேண்டும். எப்போது, எந்தப் பக்கம் போகலாம்?

முத்துநகர்:
டிசம்பர்தான், யோசிக்கவே வேண்டாம். காலி, மிரிச இருக்கும் தென்கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். நாங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்வந்தோம். மிரிசயில் காலை ஆறரைக்குப் படகேறி, ஒன்றரை மணி நேரம் போனபிறகு நீலத் திமிங்கிலத்தைப் பார்த்தோம். முதுகு மட்டும் சாம்பல் நீலமாக நீண்டுகொண்டே போனது, கடைசியில் வாலைத் தூக்கி உள்ளே இறங்கியபோது படகில் இருந்த ஒருவரும் பேசவில்லை. காலிக் கோட்டையில் அம்மாவால் தாராளமாக நடக்க முடியும். போர்த்துக்கீசர் 1588இல் தொடங்கியதை டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டினார்கள், மதில்மேல் அகலமான பாதை, வெயில் தாழ்ந்தபின் நல்ல காற்று. ஏஜென்ட் சொன்ன வழியில் தவறே இல்லை.

தாமிரபரணி:
டிசம்பர் முதல் மார்ச் தென்கரைக்கு நல்ல காலம் என்பது சரி. ஆனால் அவர் கையில் இருப்பது டிசம்பர் முதல் மார்ச் அல்ல, வருடத்திலேயே விலை அதிகமான அந்த ஒரு வாரம். 24ஆம் தேதி இரவுக்குப் பெரிய ஓட்டல்களில் விருந்துக் கட்டணம் என்று தலைக்கு இவ்வளவு எனத் தனியாக வாங்குவார்கள், வேண்டாம் என்றாலும் பல இடங்களில் விடமாட்டார்கள். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் சொல்வது மே மாதம், கிழக்குக் கரை. திருகோணமலை, நிலாவெளி, முடிந்தால் பாசிக்குடா.

காரணத்தை நம் ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது கேரளாவில் கொட்டும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும், திருநெல்வேலியில் வெறும் காற்றுதான். இலங்கைக்கும் நடுவில் மலை இருக்கிறது, பீதுருதாலகாலை 2,524 மீட்டர். மேற்கேயிருந்து வரும் மழையை மலை வாங்கிக்கொள்கிறது, கிழக்குக்கு இறங்குவது காய்ந்த காற்று. கேரளாவுக்கு எப்போது மழையோ அப்போது காலிக்கும் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு எப்போது அடைமழையோ அப்போது திருகோணமலைக்கும் அடைமழை, அங்கே தை வரைக்கும் இழுக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த மாதம் எந்தக் கரை என்று யாரையும் கேட்க வேண்டாம்.

முத்துநகர்:
மே மாதத்தைப் போய்ச் சொல்கிறீர்களே. 2016 மே, 2017 மே, இரண்டு வருடமும் இலங்கையில் பெரிய வெள்ளம், மண்சரிவு. அரநாயக்கவில் ஊரே புதைந்த செய்தியை மறந்துவிட்டீர்களா? குழந்தைகளையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த மாதத்தைச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

தாமிரபரணி:
மறக்கவில்லை. 2017 மே கடைசி வாரம் நான் அங்கேதான் இருந்தேன், பெந்தோட்டைப் பக்கம். இதே பட்டியலை இன்னொரு ஏஜென்ட் எங்களுக்கும் விற்றிருந்தார். கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டது நட்டபடி நின்றது, ஆறு நாளில் ஒரு நாள்கூட அதை எடுக்கவில்லை. அலை கரையில் வந்து மோதும் சத்தம் அறைக்குள் கேட்கும். என் பையனுக்கு அப்போது எட்டு வயது, புது நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தினமும் காலையில் பால்கனியில் வந்து கொடியைப் பார்ப்பான், அப்புறம் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொள்வான். நான்காம் நாள் வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை. களுத்துறை, இரத்தினபுரிப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை இழந்து நின்றன, அதற்கு முன் எங்கள் விடுமுறை ஒன்றுமே இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த வெள்ளம் பெருமளவு தென்மேற்கில் வந்தது. மே மாதம் தென்கரைக்கு அனுப்பாதீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. நான் அவரை அந்தப் பக்கம் போகச் சொல்லவில்லை.

டிசம்பருக்கும் அதே கேள்வி உண்டு. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா எல்லாம் மண்சரிவில் சிதைந்தன. அதற்காக யாரும் மலைநாட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லமாட்டேன், அந்த மக்களுக்கு நாம் போவதும் தேவை. ஆனால் வடகிழக்குப் பருவம் ஓயாத நேரத்தில் கண்டி, நுவரெலியா, எல்ல என்று மூன்று மலையூர்களை வைத்து ஏழு நாளை அடுக்குவது சரியான திட்டமாகத் தெரியவில்லை.

கொங்குநாடு:
நான் இரண்டு பக்கமும் பார்த்தவன். மே மாதம் கிழக்கு என்பதைக் கேட்கும்போதே எனக்குப் பயம் வருகிறது. என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு மே இரண்டாவது வாரம் திருகோணமலை போனோம். கோவையில் இருக்கிறவர்களுக்கு அந்த வெயில் தாங்காது. 35 டிகிரி என்று போனில் காட்டியது, உடம்பில் பட்டது அதற்கும் மேல். காலை பத்தரைக்கே மணல் செருப்பில்லாமல் நிற்க முடியாதபடி சுட்டது. கோணேசர் கோயிலுக்குப் பதினொரு மணிக்குக் கிளம்பியது எங்கள் தவறுதான், கோட்டை வாசலிலிருந்து மேட்டில் ஏறி நடக்கும்போது அவருக்குத் தலைசுற்றி, ஒரு மரத்தடியில் உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் மீதி நாலு நாளும் மதியம் முழுக்க அறையிலேயே இருந்தார். கேள்வி கேட்டவர் அம்மாவுக்கு 68 என்கிறார். பிள்ளைகளின் கடலுக்காக அம்மாவை வெயிலில் நிறுத்த வேண்டுமா?

மதுரைக்காரன்:
அம்மா மதுரை வெயிலிலேயே இருப்பவர், ஆனாலும் இது முக்கியமான விஷயம், நன்றி. அந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உப்புவெளி:
நான் திருகோணமலைதான், உப்புவெளி. வெயிலைப் பற்றி அந்தத் தம்பி சொன்னது உண்மை. மே, யூன் மாதம் கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் எங்களுக்கே முகம் எரியும். அதனாலே நாங்கள் பகல் பதினொன்றுக்குப் பிறகு கடற்கரைக்குப் போவதில்லை. விடிய ஐந்தரைக்குப் போனால் எட்டு மணி வரைக்கும் பிள்ளைகள் தண்ணீருக்குள் இருக்கலாம், பின்னேரம் நாலரைக்குப் பிறகு திரும்பவும் இறங்கலாம். கோணேசருக்கும் விடியக் காலையில்தான் போக வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே அந்த நேரம் மான்கள் வழியோரம் நிற்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கடல் என்றால், மே மாதம் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். டிசம்பரில் வந்தால் அதே கடலைப் பார்த்து நீங்கள் பின்னுக்குப் போவீர்கள், தண்ணீர் மண்ணிறமாக இருக்கும், நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவுக்குப் படகு விடமாட்டார்கள். டிசம்பர், சனவரியில் இங்கே ஓட்டல் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பி வராதீர்கள், அது மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011 சனவரியில் மட்டக்களப்பில் வெள்ளம் வந்து எவ்வளவு பேர் முகாம்களில் இருந்தார்கள் என்று எங்கள் சொந்தக்காரரைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2016 மே மாதம் வந்த தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) கிழக்கையும் நனைத்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் எந்தக் கரைக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் அது எப்போதாவது வருவது. தென்மேற்குப் பருவமும் வாடையும் வருடா வருடம் வருவது. எங்கள் கடற்கரையில் மீன்பிடிக்கிற ஆட்களைப் பாருங்கள், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கே வாடி (மீன்பிடிக் குடிசை) போட்டுத் தங்குவார்கள், வாடைக்கு முன்னம் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களே கரை மாறுகிறார்கள்.

முத்துநகர்:
அக்கா, நீங்கள் சொல்வது நியாயம், மீனவர் கதை தூத்துக்குடிக்காரனான எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் தூரத்தை யாரும் பேசவில்லையே. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து காலிக்கு விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். திருகோணமலைக்கு வேனில் ஆறு மணி நேரம், பிள்ளைகள் வாந்தி எடுத்தால் ஏழு. போகவர இரண்டு நாள் வண்டியிலேயே போய்விடும். ஏழு இரவில் மிச்சம் என்ன? போதாததற்கு மின்னேரியா யானைக் கூட்டமும் அந்தப் பக்கம்தான், அதையும் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள் பாருங்கள்.

தாமிரபரணி:
யானைக் கூட்டத்தை நான் சொல்லமாட்டேன். மின்னேரியாக் குளத்தில் தண்ணீர் வற்றி, குளத்தின் தரையில் புல் முளைக்கும்போதுதான் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன, அது யூலை முதல் செப்டம்பர் வரை. மே மாதம் குளம் நிறைந்திருக்கும். அதைக் காட்டுவதாகச் சொல்லி மே மாதத்துக்குச் சபாரி விற்றால் வாங்காதீர்கள்.

தூரம் பெரிய குறை இல்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம், ஒரு மணி நேரம். முதல் நாளே திருகோணமலைக்கு ஓட வேண்டாம், தம்புள்ளையில் இறங்கி ஓர் இரவு தூங்குங்கள், அங்கிருந்து மறுநாள் இரண்டு மணி நேரம்தான். சீகிரியாப் பாறையில் அம்மாவை ஏறச் சொல்லாதீர்கள், அத்தனை படியும் அந்த வெயிலும் அவருக்கு வேண்டாம். தம்புள்ளை குகைக் கோயிலுக்குப் படி குறைவு, ஆனால் அதற்கும் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். அப்புறம் ஐந்து இரவு ஒரே இடத்தில், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ. கடைசி இரவு நீர்கொழும்பு. தென்கரைப் பட்டியலில் ஏழு நாளில் ஏழு ஊர், தினமும் பெட்டி கட்ட வேண்டும். அதில் வண்டியில் உட்காரும் நேரத்தைக் கூட்டினால் இதைவிட அதிகமாகத்தான் வரும்.

கொங்குநாடு:
ஐந்து இரவு ஒரே இடம் என்றால் நான் கொஞ்சம் இறங்கிவருகிறேன். எங்கள் பயணத்தில் மாமனார் தவித்ததற்கு வெயில் பாதி, தினமும் இடம் மாறியது பாதி. ஆனாலும் மே 10க்குள் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கொழும்புப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் விமானத்துக்குப் போகும் வழியே சிக்கலாகலாம். பௌத்தர்களின் பண்டிகையான வெசாக் பௌர்ணமி எந்தத் தேதி என்றும் பார்த்துவிடுங்கள், அந்த நாட்களில் ஊர் முழுக்க வெசாக் கூடு என்ற காகித விளக்குகள், தெருவெல்லாம் தன்சல் என்று இலவசச் சாப்பாடு, பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் உள்ளூர் மக்களே விடுமுறையில் கிளம்புவதால் அறையும் வேனும் கிடைப்பது கஷ்டம்.

முத்துநகர்:
எனக்கு இன்னும் டிசம்பர்தான். திமிங்கிலத்தை விட்டுவிட்டீர்கள், மலை ரயிலை விட்டுவிட்டீர்கள். பிள்ளைகள் ஐந்து நாளும் ஒரே கடற்கரையில் சலித்துப்போக மாட்டார்களா?

உப்புவெளி:
7 வயதுப் பிள்ளை கடற்கரையில் சலித்ததை நான் இன்னும் பார்க்கவில்லை. திமிங்கிலம் எங்கள் பக்கமும் மே மாதம் வரும், ஆனால் மிரிசவில் டிசம்பர் தொடங்கிப் பார்ப்பதுபோல நிச்சயமாகச் சொல்லமாட்டேன். புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், முகமூடி போட்டுக்கொண்டு தலையைத் தாழ்த்தினால் இடுப்பளவு தண்ணீரிலேயே மீன் தெரியும். பவளப்பாறையில் கால் வைக்க விடாதீர்கள், ஏற்கெனவே நிறைய உடைந்துவிட்டது, அதைப் பார்க்க எங்களுக்கு வயிறு எரிகிறது. அங்கேயும் காலை முதல் படகிலேயே போய் வெயில் ஏறமுன்னம் திரும்பிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். கோணேசர் சம்பந்தர் பாடிய தலம், அது அவருக்குத் தெரிந்திருக்கும். கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளிக் குளிக்கலாம். ராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று இங்கே சொல்வார்கள். தெற்கே போனால் அவருக்குத் தமிழிலே பேச ஆள் குறைவு. இங்கே பூக்கடையில், தேத்தண்ணிக் கடையில், ஆட்டோவில், எங்கேயும் தமிழிலே கதைக்கலாம். சென்ற வருடம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா பத்திரகாளி கோயில் வாசலில் பூ விற்கிற பெண்ணோடு ஒரு மணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தார், மகன் வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை.

மதுரைக்காரன்:
அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். கன்னியாவுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று இப்போதே கேட்கிறார். மே 2 கிளம்பி 9 திரும்புவதாக வைத்துக்கொள்கிறோம், தம்புள்ளை ஓர் இரவு, உப்புவெளி ஐந்து, நீர்கொழும்பு ஒன்று. ஏஜென்ட் வேண்டாம், வேன் மட்டும் பேசிக்கொள்கிறேன். முத்துநகர் அண்ணா, தென்கரையை விடவில்லை, பையன் பெரியவனாகி லீவு போட முடிகிற ஒரு பிப்ரவரியில் திமிங்கிலத்துக்காகவே போவோம்.

முத்துநகர்:
பிப்ரவரி என்றால் எனக்கும் சந்தோஷம். படகில் ஏறுவதற்கு அரை மணி முன்பே வாந்தி மாத்திரை போட்டுவிடுங்கள், ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை.

உப்புவெளி:
நல்லது தம்பி. கன்னியாவுக்கு வெயில் ஏறமுன்னம் காலையிலே போங்கள். வந்த மறுநாள் விடிய ஆறு மணிக்குக் கரைக்கு இறங்குங்கள், அந்த நேரம் கரைவலை இழுப்பார்கள், இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இருபது முப்பது பேர் பாட்டுச் சொல்லி இழுக்க வலை மெல்ல மெல்ல ஒடுங்கிவரும். பிள்ளைகளையும் கயிற்றில் கைவைக்க விடுவார்கள். அம்மாவுக்கு ஒரு சின்ன நாற்காலி எடுத்துப் போங்கள், ஒரு வலை இழுத்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.