ஃபெல்லோஷிப் முடித்தால் என்.ஜி.ஓ. துறையில் நிஜமாகவே வேலை கிடைக்கிறதா?

அரியலூர்ப்பொண்ணு:
பி.எஸ்சி. புள்ளியியல், கடைசி செமஸ்டர். கல்லூரிக்கு வந்து பேசிய ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் ஃபெல்லோஷிப் (மாதப்படி வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு வருஷம் சமூகப்பணியில் இருந்து பழகும் திட்டம்) என்று ஒன்று இருப்பதே தெரியும். காந்தி ஃபெல்லோஷிப், எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் ஒரே கேள்வி: "வடக்கே ஏதோ கிராமத்தில் போய்க் கிடந்துவிட்டு வந்தால் அப்புறம் யார் வேலை தருவான்?" அப்பா குரூப் 4க்குப் படி என்கிறார். எங்கள் பக்கம் தொண்டு நிறுவனம் என்றாலே முதியோர் இல்லம்தான், அதில் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள் என்பதையே யாரும் நம்ப மாட்டார்கள். முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்? ஆங்கிலம் சுமார், இந்தி சுத்தமாக வராது.

கொல்லிமலைக்காற்று:
நான் எஸ்பிஐ முடித்து இப்போது தர்மபுரி பக்கம் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் இருக்கிறேன் தங்கச்சி. முதலில் ஒன்று: ஃபெல்லோஷிப் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் ஓடுகின்றன. டீச் ஃபார் இந்தியா (2009ல் தொடங்கியது, சென்னையிலும் இருக்கிறது) என்றால் இரண்டு வருஷம் முழுநேர வாத்தியார், வகுப்பு உன் பொறுப்பு. காந்தி ஃபெல்லோஷிப்பும் இரண்டு வருஷக் கணக்குதான், 2008ல் ராஜஸ்தானில் தொடங்கியது, ஆனால் அங்கே தலைமையாசிரியர், கல்வி அதிகாரி என்று அரசு அமைப்போடு மல்லுக்கட்ட வேண்டும், நடுவில் ஒரு குடும்பத்தோடு போய்த் தங்கவும் சொல்வார்கள். எஸ்பிஐ 13 மாதம், ஏற்கெனவே வேரூன்றிய ஒரு நிறுவனத்துக்குள் உன்னை உட்கார வைத்துவிடுவார்கள். சட்டம், கொள்கை பக்கம் ஆசை இருந்தால் பிஆர்எஸ் என்ற சட்ட ஆய்வு அமைப்பு நடத்தும் லேம்ப் ஃபெல்லோஷிப், டில்லியில் ஒரு எம்.பி.யோடு வேலை, அவர் கேட்கும் கேள்விக்கும் பேசும் பேச்சுக்கும் தரவு தேடித் தரவேண்டும். எதில் போகிறாயோ அதை ஒட்டித்தான் பெரும்பாலும் அடுத்த வேலையும் வரும். எம்.பி. ஆபீசில் ஒரு வருஷம் இருந்தவரை எந்த சுயஉதவிக்குழுத் திட்டத்துக்கும் நேராக எடுக்க மாட்டார்கள், அதே மாதிரி வகுப்பறையில் இருந்தவரைக் கொள்கை ஆய்வுக்கும்.

இந்தப் பெயர்கள் வருவதற்கு முன்பே இதே முறையில் ஆள் தயாரித்தது பிரதான் என்ற தொண்டு நிறுவனம். 1983ல் ஆரம்பித்தது, பட்டதாரியைக் கூட்டிவந்து ஒரு வருஷம் கிராமத்தில் பழகவிட்டு, அப்புறம்தான் வேலைக்கு வைப்பார்கள். மதுரை தானம் அறக்கட்டளையும் அந்த வழியில் கிளைத்ததுதான், அவர்களுடைய தானம் அகாடமியை (முன்பு டாடா தானம் அகாடமி) ஒருமுறை விசாரித்துப் பார்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லு. ஊர் வரைபடம் போடும் நாளில் தெருவில் கோலமாவைக் கொடுத்து ஆட்களையே வரையச் சொல்வோம். ஆண்கள் கோயில், ஏரி, மெயின் ரோடு என்று போட்டு முடித்துவிட்டு பீடி பற்ற வைத்தார்கள். பின்னாலேயே நின்ற பெண்கள் குனிந்து அடிபம்பு, விறகுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, இரவில் விளக்கெரியாத சந்து எல்லாம் சேர்த்தார்கள், அதில் ஒரு பாட்டி ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் யாருமே போடாமல் விட்ட எட்டு வீடுகளைப் புள்ளி வைத்தது. அந்த எட்டு வீட்டுக்கும் எங்கள் திட்டத்தில் அதுவரை பெயரே இல்லை. இதைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் நேர்முகத்தில் பத்து நிமிஷத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நிதர்சனம்77:
நல்லதையே சொல்கிறீர்கள் அண்ணா, கொஞ்சம் மறுபக்கமும் கேட்கட்டும். மாதப்படி நின்ற மறுமாதம் என்ன ஆகும் என்பதை யாரும் பேசுவதில்லை. என்னோடு இருந்தவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதி வெளிநாட்டுக்கு மாஸ்டர்ஸ் போனார்கள், எங்களை மாதிரி மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் கிடைத்த ஒப்பந்த வேலையில் ஒட்டிக்கொண்டோம். நான் சேர்ந்த இடத்தில் நிதி கொடுத்தவர் விலகியதும் மார்ச் மாதத்தோடு திட்டத்தை மூடி, நன்றி என்று ஒரு மெயில். 2020ல் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்களே, வெளிநாட்டுப் பணம் வாங்கிய பெரிய நிறுவனம் அதைச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது (முன்பு 50), அதில் முதலில் அடிவாங்கியது மாவட்ட அளவில் இருந்த சின்ன அமைப்புகள்தான். நம்மைப் போன்றவர்களைச் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்ததும் அவைதான். போகாதே என்று சொல்லவில்லை. ஆறு மாதம் சமாளிக்கக் கையில் காசு இல்லாமல் போகாதே என்கிறேன்.

கணக்குவாத்தியார்:
நான் ஆள் எடுக்கும் பக்கம் இருக்கிறேன், ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்புப் பிரிவு. நிதர்சனம் சொல்வது உண்மை, ஆனால் பாதி உண்மை. 2014 ஏப்ரலிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்தோ உள்ள கம்பெனி தன் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப்பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு இந்தத் துறையில் வேலையின் ரகமே மாறிவிட்டது. இப்போது எங்களுக்கு வேண்டியது அடிப்படைக் கணக்கெடுப்பு நடத்தவும், கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருளில் படிவம் போடவும், வந்த தரவைச் சுத்தம் செய்து "இந்த ஊரில் வேலை நடக்கவில்லை, போட்டோவுக்கு நடந்திருக்கிறது" என்று தைரியமாகச் சொல்லவும் தெரிந்த ஆள். புள்ளியியல் படித்த பிள்ளை கையில் இதை வைத்துக்கொண்டு ஏனம்மா பயப்படுகிறாய்? இலக்கணமாய் ரிப்போர்ட் எழுத நிறையப் பேர் கிடைக்கிறார்கள். களத்தில் இருந்து, எண்ணும் தெரிந்தவர்கள்தான் கிடைப்பதில்லை.

ஃபெல்லோஷிப் பெயரைப் பார்த்து நாங்கள் எடுப்பதில்லை. வாரத்தில் எத்தனை நாள் களத்தில் இருந்தாய், யாருக்குக் கீழ் இருந்தாய், நீ கிளம்பிய பிறகு அந்த வேலை நடக்கிறதா, இதைத்தான் கேட்போம். கடைசிக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேரிடம் பதில் இருக்காது. இன்னொன்று, பல வேலைகள் விளம்பரத்துக்கே வராது, முன்னாள் ஃபெல்லோக்களின் வாட்ஸாப் குழுவிலேயே முடிந்துவிடும். எனக்கு அது பிடிக்காது, வெளியாள் உள்ளே வரவே முடியாது, ஆனால் நடப்பது அதுதான்.

அரியலூர்ப்பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. தமிழ்நாட்டு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டத்துக்குப் போட்டால் இந்திப் பிரச்சினையே இல்லையே? அப்பாவுக்கும் அரசாங்கம் என்றால் சமாதானம் ஆகும்.

கொல்லிமலைக்காற்று:
அது நல்ல திட்டம்தான், இரண்டு வருஷம், அரசுத் துறைகளோடு வேலை, திருச்சி பிஐஎம் (பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்) சான்றிதழும் உண்டு. ஆனால் 2022ல் முதல் தடவை எடுத்ததே 30 பேர். அதோடு பொறியியல், சட்டம், விவசாயம் மாதிரித் தொழிற்படிப்பில் முதல் வகுப்பு வேண்டும், கலை அறிவியல் என்றால் முதுகலை கேட்கிறார்கள். உன் பி.எஸ்சி. மட்டும் போதாது, எம்.எஸ்சி. முடித்துப் பார்.

இந்திக்குப் பயப்படாதே. எஸ்பிஐயில் இடம் ஒதுக்கும்போது மொழி தெரிந்த பகுதியைக் கேட்டுப் பார்க்கலாம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அவர்களோடு சேர்ந்து நடத்துகிறது. கிடைக்காவிட்டால் ஒடிசாவோ ராஜஸ்தானோ போக வேண்டியிருக்கும், அதற்கும் தயாராக இரு. விண்ணப்பத்தில் சமூக சேவை ஆர்வம் என்று பக்கம் பக்கமாக எழுதாமல் உங்கள் ஊரில் நீ பார்த்த ஒரு பிரச்சினையை எண்ணோடு எழுது. எழுதியதும் தனிச்செய்தியில் போடு, ஆங்கிலத்தைச் சேர்ந்து சரிபண்ணலாம்.

நிதர்சனம்77:
குரூப் 4 விண்ணப்பத்தையும் போட்டு வை. அப்பாவிடம் பேசச் சுலபமாக இருக்கும்.