இறக்கிய ஜிடி86-க்கு 18 அங்குல ரிம், ஆஃப்செட் +35: எந்த டயர் அளவு?

கிள்ளான்_86:

வணக்கம். என்னிடம் இருப்பது 2013 டொயோட்டா ஜிடி86, மேனுவல். வாங்கும்போதே பழைய உரிமையாளர் லோவரிங் ஸ்பிரிங் போட்டிருந்தார். கம்பெனி உயரத்தைவிட 30 மில்லிமீட்டர் தாழ்வு. அப்சார்பர் ஒரிஜினல்தான். ரிம்மும் ஒரிஜினல் 17×7 (விட்டமும் அகலமும், அங்குலத்தில்), ஆஃப்செட் +48, டயர் 215/45 ஆர்17. நாலு டயரும் மொட்டை, மழையில் ரவுண்டானாவில் திரும்பவே பயமாக இருக்கிறது.

டயர் மாற்றும்போதே ரிம்மையும் மாற்றிவிடலாம் என்று யோசனை. ஒருவர் 18×8.5, +35, 5×100 (100 மிமீ வட்டத்தில் ஐந்து போல்ட்) ரிம் நாலு செகண்ட் ஹேண்டில் விற்கிறார். 1,800 வெள்ளி கேட்கிறார், கீறல் இல்லை, வெண்கல நிறம். மனசு அதிலேயே நிற்கிறது. மூன்று டயர் கடையில் கேட்டேன், மூன்று தவுக்கேயும் (கடை முதலாளியும்) மூன்று அளவு சொன்னார்கள். முதல் கடை 225/40 ஆர்18. இரண்டாவது 215/35 ஆர்18, "உரசவே உரசாது" என்று உத்தரவாதம். மூன்றாவது 235/40 ஆர்18, ஏனென்றால் ஸ்டாக் இருக்கிறதாம்.

தினமும் கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் வேலைக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். ஞாயிறு காலை உலு யாம் மலைப்பாதை. செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்) போக ஆசை. எதைப் போடுவது? ஃபெண்டரை மடக்கவோ வெட்டவோ விருப்பமில்லை.

ஈப்போ_தாழ்வு:

தம்பி, 215/35 போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 8.5 ரிம்மில் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்கும், சுவர் சாய்வாக ஃபெண்டருக்கு உள்ளே போகும். என் காடியில் அப்படித்தான் ஓட்டுகிறேன், உரசியதே இல்லை. 225/40 போட்டால் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கறுப்பாக ரப்பர்தான் தெரியும். அவ்வளவு செலவு செய்து இறக்கியது எதற்கு?

மேரு_அலைன்மெண்ட்:

நான் கிள்ளானில் அலைன்மெண்ட் பலகையில் நிற்கிறவன். 86, அதன் சுபாரு இரட்டையான பிஆர்இசட் இரண்டும் அடிக்கடி வரும், எல்லாமே இறக்கியதுதான்.

மூன்று தவுக்கேயும் மூன்று அளவு சொன்னதற்குக் காரணம், மூவருமே ரிம்மின் அகலத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். முதலில் டயரின் முழு உயரத்தைப் பாருங்கள். 215/45 ஆர்17 என்றால் சுவர் 215-இல் 45 சதவீதம், 97 மிமீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 17 அங்குலம். கூட்டினால் 625 மிமீ வரும். கியர், ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ் எல்லாம் இந்த 625-ஐ நம்பித்தான் வேலை செய்கின்றன.

இனி அந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள். 225/40 ஆர்18 வருவது 637, கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடுதல். 215/35 வருவது 608, 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே குறைவு. 235/40 என்றால் 645, 3 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அந்தக் கடைக்காரர் ஸ்டாக்கைக் காலி செய்யப் பார்க்கிறார், அதை மறந்துவிடுங்கள். இறக்கிய காடியில் ஆரமே 10 மிமீ கூடினால் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது உள் லைனரைத் தின்னும். அதோடு 86-இன் இஞ்சின் 3,500-க்கும் 4,500-க்கும் நடுவே மூச்சு வாங்குவது உங்களுக்கே தெரியும். பெரிய டயர் போடுவது கியரை நீட்டிவிடுவது மாதிரி, அந்தப் பள்ளம் இன்னும் அகலமாகத் தெரியும்.

ஈப்போ தம்பி சொன்ன 215/35 பற்றி. உரசாது என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரிஜினல் டயரில் 87 இருக்கும், அது ஒரு டயர் தாங்கும் எடை, 545 கிலோ. 215/35 ஆர்18 பெரும்பாலும் 84 என்றுதான் வரும், அதுவும் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) வகையில். 84 என்றால் 500 கிலோ. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகும் டயரை நான் யாருக்கும் ஏற்றுவதில்லை. சுவரும் 97-லிருந்து 75 மிமீக்கு இறங்கிவிடுகிறது. வடதுறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லோரிகள் மேரு சாலையை என்ன செய்து வைத்திருக்கின்றன என்று கிள்ளான்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவில், மழையில், தண்ணீர் நிற்கும் குழியில் 75 மிமீ சுவர் இறங்கினால் ரிம் வளையும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: டயர் சிறிதானால் காடி இன்னும் 9 மிமீ கீழே வரும். ஏற்கெனவே 30 இறங்கியிருக்கிறது. தாமான் வேகத்தடைகளில் முன் பம்பரின் அடிப்பாகம் பேசத் தொடங்கும்.

ஆக அந்த 18×8.5 ரிம்மைத்தான் வாங்குவீர்கள் என்றால் டயர் 225/40 ஆர்18, 92 எக்ஸ்எல். அதற்குமேல் கேள்வி டயரில் இல்லை, ஆஃப்செட்டில் இருக்கிறது.

ஆஃப்செட் என்பது ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ரிம் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். +48-லிருந்து +35 என்றால் நடுக்கோடே 13 மிமீ வெளியே போகிறது. ரிம் ஒன்றரை அங்குலம் அகலம் கூடியதில் பாதி, 19 மிமீ, அதுவும் வெளியே. மொத்தம் ரிம் விளிம்பு 32 மிமீ வெளியே வருகிறது. டயரின் வயிறு அவ்வளவு வராது. 215 டயர் 7 அங்குல ரிம்மில் 213 மிமீ அகலம், 225/40 டயர் 8.5 ரிம்மில் 235-ஐ ஒட்டி நிற்கும். அதில் பாதி 11, நடுக்கோட்டின் 13, ஆக 24 மிமீ வெளியே. உள்பக்கம் பார்த்தால் 2 மிமீ விலகித்தான் போகிறது, அப்சார்பர் பக்கம் பயமே இல்லை.

இந்த 24 மிமீ உங்கள் காடியில் இருக்கிறதா? சமதரையில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஃபெண்டர் விளிம்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயர் வயிற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று நாலு மூலையிலும் அளந்து இங்கே போடுங்கள். பின்பக்கம் இறக்கியதாலேயே சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கும், டபுள் விஷ்போன் அமைப்பு அப்படி. முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், இறக்கினாலும் அரை டிகிரி அளவுக்குத்தான் சாயும். அதனால் 86-இல் வம்பு எப்போதும் முன்பக்கம்தான்: ஃபெண்டரும் பம்பரும் சேரும் இடத்தில் உள்ளே ஒரு சிறு தகடு நீட்டிக்கொண்டு நிற்கும், டயர் முதலில் போய் இடிப்பது அதில்.

என்னைக் கேட்டால் அந்த ரிம்மே வேண்டாம். 17×8, +45 தேடுங்கள், 225/45 ஆர்17 போடுங்கள். உயரம் 634, ஒன்றரை சதவீதத்துக்குள். டயர் வெளியே வருவது 11 அல்லது 12 மிமீ, உள்ளே போவது 5 அல்லது 6. எதையும் மடக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். சுவர் 101 மிமீ, ஒரிஜினலைவிட 4 அதிகம், குழிக்கு நல்லது. 17 அங்குல டயர் விலையும் குறைவு, டிராக் டே டயர் எடுக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஈப்போ_தாழ்வு:

அண்ணே, எடை எண் விஷயம் சரி. ஆனால் 17 அங்குலம் போட்டால் ஃபெண்டருக்கு உள்ளே ஒளிந்துகொண்டு நிற்கும். அழகும் ஒரு காரணம்தானே?

மேரு_அலைன்மெண்ட்:

காரணம்தான், யார் இல்லை என்றது. 17×9, +42-இல் 245/40 ஆர்17 போட்ட 86-கள் உண்டு. உயரம் 628, ஒரிஜினலோடு கிட்டத்தட்ட ஒன்று, சக்கரம் ஃபெண்டரை நிறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதற்கு முன்பக்கம் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே சாயும் கோணம்) வேண்டும், ஃபெண்டர் ஓரத்தை உள்ளே மடக்க வேண்டும், அப்சார்பர் பக்கம் இடைவெளி விரலளவுதான். தம்பி மடக்க மாட்டேன் என்று முதலிலேயே எழுதிவிட்டார். டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனால் சாலைத் தடுப்பில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கண்ணில் படும். விற்கும்போது புஸ்பாகோம் போன்ற மையத்தில் வாகனப் பரிசோதனையும் இருக்கிறது.

பினாங்கு_பாக்ஸர்:

அளவு பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். எந்த ரிம் வாங்கினாலும் இரண்டு விஷயம் பாருங்கள் தம்பி, நான் பிஆர்இசட் வைத்திருக்கிறேன்.

முதலாவது நட். டொயோட்டா சின்னம் இருக்கிறது என்று கடைக்காரர் டொயோட்டா நட்டை எடுத்துக்கொண்டு வருவார். டொயோட்டாவில் வழக்கமாக எம்12×1.5 (விட்டம் 12, மரை இடைவெளி 1.5 மிமீ). ஆனால் 86-ஐக் கட்டியது சுபாரு, அதன் மரை எம்12×1.25. இங்கே ஒரு கடையில் என் காடிக்கு 1.5 நட்டை வைத்து இம்பேக்ட் கன்னால் முறுக்கிவிட்டான். போல்ட் இரண்டின் மரை போய், ஹப்பைக் கழற்றிப் புதுசு போட வேண்டி வந்தது. அதன் பிறகு நட் எப்போதும் என் பையில்தான். முதல் நாலு சுற்று கையால்தான் ஏற்றச் சொல்வேன், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கடைசியில் டார்க் ரென்ச்சில் 120 நியூட்டன் மீட்டர்.

இரண்டாவது நடுத்துளை. 86-இன் ஹப் 56.1 மிமீ. வெளி ரிம் பலவும் 73.1 துளையோடு வரும். நடுவில் ஹப் ரிங் போடாவிட்டால் 90-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். கடைக்காரர் பேலன்சிங் சரியில்லை என்று திரும்பத் திரும்பப் பேலன்சிங் செய்து காசு வாங்குவார். பிளாஸ்டிக் ரிங் வேண்டாம், டிராக் போனால் பிரேக் சூட்டில் உருகும், அலுமினியம் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் ரிம் என்றால் பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கீறல் இல்லாத ரிம்மும் உள் விளிம்பில் வளைந்திருக்கும்.

கிள்ளான்_86:

அண்ணே, அக்கா, நன்றி. நூல் கட்டி அளந்தேன். முன்பக்கம் இடது 20, வலது 21. பின்பக்கம் இடது 26, வலது 25. அந்த 24-ஐக் கழித்தால் பின்பக்கம் தப்பிக்கிறது, முன்பக்கம் 3, 4 மிமீ வெளியே நிற்கும் போல. கேம்பர் போல்ட் போட்டு முன் சக்கரத்தைச் சாய்த்தால் உள்ளே போகாதா? விற்பவர் 1,500-க்கு இறங்கி வந்துவிட்டார், அதனால் கேட்கிறேன்.

மேரு_அலைன்மெண்ட்:

போகும். ஒரு டிகிரி சாய்த்தால் டயரின் தலை ஐந்தாறு மிமீ உள்ளே போகும். கேம்பர் போல்ட்டில் ஒரு டிகிரிக்கு மேலும் எடுக்கலாம், உள்பக்கம் இடம் இருப்பதால் அப்சார்பரில் இடிக்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 4 வெளியே, 6 உள்ளே. மிச்சம் 2 மிமீ. இது நின்ற இடத்தில் அளந்தது. இரண்டு பேர் ஏறி, உலு யாம் வளைவில் வெளிச்சக்கரம் அமுங்கும்போது அந்த 2 மிமீ எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? டயரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிராக் டயர்களின் தோள் சதுரமாக இருக்கும், அதே 225 என்று எழுதியிருந்தாலும் முதலில் உரசுவது அவைதான். செப்பாங் ஆசை இருக்கிறது என்றீர்களே.

சாதாரண சாலை டயர் போட்டு, கேம்பரை −1.5-க்குக் கொண்டுவந்து, பம்பர் தகட்டை மட்டும் மேலே மடக்கிவிட்டால் தினசரி ஓட்டத்துக்கு ஓடும். ஓடுகிற காடிகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங் சாலையின் கோடு போகிற பக்கம் கொஞ்சம் இழுக்கும், அது ஆஃப்செட் குறைந்ததன் விலை. 1,500 என்பது நல்ல விலைதான், ஆனால் கேம்பர் போல்ட், ஹப் ரிங், நட் எல்லாம் சேர்த்தால் பழைய 1,800-க்கே வந்து நிற்கும். டயர் விலை தனி.

கிள்ளான்_86:

புரிந்தது. வெண்கல நிறத்தில் 17×8, +45 யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பூச்சோங் வரை வந்து எடுத்துக்கொள்கிறேன். டயர் 225/45 ஆர்17 முடிவு. காற்று எவ்வளவு வைப்பது? கதவுத் தூண் ஸ்டிக்கரில் நாலுக்கும் 35 பிஎஸ்ஐ என்று இருக்கிறது.

மேரு_அலைன்மெண்ட்:

அதே 35, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. 225/45-இல் எடை எண் 91 வரும், 615 கிலோ, கூட்ட வேண்டியதில்லை. செப்பாங்கில் மட்டும் 30 அல்லது 31-இல் தொடங்குங்கள், அந்த வெயிலில் சில சுற்றிலேயே 36-க்கு மேல் ஏறிவிடும். திரும்பி வருமுன் மறக்காமல் காற்றை ஏற்றுங்கள்.

அப்புறம் அலைன்மெண்ட். இறக்கியபோது செய்த ரசீது இருக்கிறதா என்று பழைய உரிமையாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் பின் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவை) பார்க்க வேண்டும். பின் கேம்பருக்கு இந்தக் காடியில் கம்பெனி திருகு கிடையாது, டோவுக்கு உண்டு. இறக்கிவிட்டு டோவைத் தொடாமல் ஓட்டினால் டயர் உள்பக்கமாகத் தேயும். மொட்டையான அந்த நாலு டயரையும் தூக்கிப்போடுமுன் பின்டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

கிள்ளான்_86:

இப்போதுதான் போய்த் தடவினேன். வலது பின்டயரில் உள்பக்கம் கம்பியே தெரிகிறது அண்ணே. சனிக்கிழமை கடை திறந்திருக்குமா?

மேரு_அலைன்மெண்ட்:

ஒன்பது மணிக்குத் திறப்போம். சனிக்கிழமை வரை அந்த டயரில் ஓட்ட வேண்டாம், மாற்றுச் சக்கரம் போட்டு மெதுவாக வாருங்கள். இல்லை, வேலைக்குக் கொமுட்டர் ரயிலில் போங்கள்.