'மக்கும்' என்று மட்டும் அச்சிட்டால் போதுமா?

கூர்நோக்கு:
பிளாஸ்டிக் பையிலும் கோப்பையிலும் ஒரு பச்சை இலைப் படம், பக்கத்தில் 'மக்கும்' என்ற சொல். எங்கே, எந்தச் சூட்டில் மக்கும் என்று சொல்லாத அந்தச் சொல்லை அனுமதிக்கவே கூடாது. மக்கும் பொதிகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 13432-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உரக்குவியலில் 12 வாரம் கழித்து 2 மி.மீ. சல்லடையில் சலித்தால் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். அதுவும் 58 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில். வீட்டுக் குவியல் அந்தச் சூட்டை எட்டினாலும் சில நாளில் ஆறிவிடும். 'மக்கும்' என்று விற்கும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) பிளாஸ்டிக் 55–60 டிகிரிக்குக் கீழே விறைப்பாகவே இருக்கும், ஈரம் அதை அரிப்பது மிக மெதுவாக நடக்கும். மாதக்கணக்கில் கழித்துக் கிளறினாலும் அதில் செய்த கோப்பை முழுக் கோப்பையாகவே வெளியே வரும்.

பொதியாளர்:
சோதனை விவரம் சரி, முடிவுதான் இடிக்கிறது. ஒட்டுத்தாளில் இத்தனை எண்களை அடுக்கினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். சான்று எண் ஒன்று போதும். எந்தப் பொருள், அதிகபட்சம் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் சான்றிதழிலேயே இருக்கிறது. அந்தத் தடிமனைத் தாண்டினால் சான்று செல்லாது.

கூர்நோக்கு:
சான்று எண் எந்தத் தொட்டியில் போடுவது என்று சொல்வதில்லையே! பிஎல்ஏ பாட்டில், மறுசுழற்சிக்குப் போகும் பெட் பிளாஸ்டிக் (வழக்கமான தண்ணீர் பாட்டில்) பாட்டில்களோடு கலந்தால் என்ன ஆகும்? பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, பிஎல்ஏவுக்கு 1.24. இரண்டுமே தண்ணீரில் மூழ்கும், அதனால் மிதக்கவிட்டுப் பிரிக்க முடியாது. பெட் சில்லுகளை 160 டிகிரியைத் தாண்டி உலர்த்தும்போது பிஎல்ஏ உருகி, சில்லுகளைக் கட்டியாக ஒட்டவைத்துவிடும். தவறான தொட்டிக்குக் கொடுக்கும் விலை இது.

பொதியாளர்:
பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் இருக்கிறதே.

கூர்நோக்கு:
7 என்றால் 'மற்றவை'. பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கும் அதே எண்தான். 1988-இல் பிளாஸ்டிக் வகையைக் காட்ட வந்த, அம்புகளாலான முக்கோணக் குறி அது. அம்புகளைப் பார்த்து மறுசுழற்சி என்று எல்லோரும் நினைத்ததால்தான் 2013-இல் அம்பை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள்.

தராசுமுள்:
இடையில் ஒன்று. 'சூழலுக்கு உகந்தது' போன்ற மொட்டைச் சொற்களை உற்பத்தியாளர் தாமே போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஐஎஸ்ஓ 14021 என்ற சர்வதேசத் தரநிலை ஏற்கெனவே சொல்கிறது. அது சட்டமல்ல, அதனால் மீறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 நெறிமுறைதான் 2026 செப்டம்பர் 27 முதல் அந்தத் தடையைச் சட்டமாக்குகிறது.

பொதியாளர்:
சரி, 'தொழிற்கூட உரமாக்கலுக்கு மட்டும். வீட்டுக் குவியலில் போடாதீர்கள்' என்ற வரி கட்டாயம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதையும் 'மக்கும்' என்ற சொல்லை ஒட்டியே, அதே எழுத்தளவில் போடலாம். எத்தனை நாளில் மக்கும் என்ற நாள் கணக்கு மட்டும் வேண்டாம். ஈரமும் காற்றோட்டமும் கூடக் குறைய இருந்தால் அதே பை ஒரு உரக்கூடத்தில் 8 வாரம், இன்னொன்றில் 16 வாரம் எடுக்கும். அச்சிட்ட எண் அங்கே பொய்யாகிவிடும்.

கூர்நோக்கு:
நாள் கணக்கை விட்டுவிடுகிறேன். தொட்டியின் பெயரை விட மாட்டேன்.