ஓநாய்க்குப் பக்கத்தில் சிறுமி: அது பயமா, வியப்பா?

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதைக்கு 1862இல் குஸ்தாவ் தோரே வரைந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினேன். பாட்டியை விழுங்கிய ஓநாய் பாட்டியின் தொப்பியோடு கட்டிலில் கிடக்கிறது. பக்கத்தில் சிறுமி போர்வையைப் பிடித்தபடி அதையே பார்க்கிறாள்.

பயம் என்றான் ஒருவன். இல்லை, பாட்டிக்கு ஏன் இப்படி மூஞ்சி என்று யோசிக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. எனக்கும் அந்தக் கண்களை விட்டு நகர முடியவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட இந்தக் கதையில் சிறுமியை ஓநாயிடமிருந்து காப்பாற்ற யாரும் வருவதில்லை. அவளைக் காப்பாற்றும் வேட்டைக்காரர், பின்னால் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில்தான் வருகிறார். அப்படியானால் அவளுக்கு உண்மை புரிகிற நொடியா இது? மரச்செதுக்குப் படங்களில் ஒளி, நிழலை வாசிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் மறுபடி கேட்பார்கள்.